ஆர்ஜியா போட்ட நாலு தையல்

ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆர்ஜியா, சான் மரீனோ என்கிற குட்டிக் குடியரசில், தான் பிறந்த ஊரிலேயே இன்னும் ஒரு வருஷம் தங்கிக்கொள்ள அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போவாள். அங்கே உட்கார்ந்திருந்த காவலர் தெற்கு இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்தவர். வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அவர்தான் அவளை வெளிநாட்டுக்காரி என்று எழுதுவார். இந்தக் கூத்தைப் பார்த்து அவருக்கே வெட்கம். அதனால் தலையை நிமிர்த்தாமல்தான் கேட்பார்.

"பிறந்த இடம்?"

"ஃபயேத்தானோ. அதோ, அந்தச் சர்ச்சுக்குப் பின்னாடி மூணாவது வீடு."

"குடியரசில் உறவினர்?"

"அண்ணன். டேலியோ ஸ்தாக்கீனி."

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் அவள் முதுகு நிமிரும். டேலியோ சாதாரண ஆள் இல்லை. ஃபயேத்தானோவின் ஊர்ச் சபையில் உறுப்பினர். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மலை உச்சியில் நாட்டின் புதுத் தலைவர்கள் இருவர் பதவி ஏற்கும்போது கறுப்பு சூட் போட்டுக்கொண்டு போய் நிற்கிறவர்.

ஆர்ஜியா செய்த குற்றம் ஒன்றுதான். இருபத்திரண்டு வயதில் ப்ரீமோ என்கிற லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவன் வீடு மலைச்சரிவில் கீழே, நடந்தால் இருபது நிமிஷம். ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் சான் மரீனோ முடிந்து இத்தாலி வந்துவிடுகிறது. எல்லையில் வேலியும் கிடையாது, ஒரு நாய்கூடக் குரைக்காது. அந்தக் கோட்டைத் தாண்டி மாலை மாற்றிய பெண் குடிமகள் இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. ஆண் போய் எவளைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அவன் குடிமகன்தான். வருகிறவளும் குடிமகள் ஆகிவிடுவாள். இதை எழுதியவர்களுக்கு அக்கா தங்கை இருந்ததே இல்லை போலிருக்கிறது.

ப்ரீமோ செத்த பிறகு, குழந்தைகளும் இல்லாமல், அவள் ஊருக்கே திரும்பினாள். கூட்டுறவுக் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்துத் தையல் மெஷினைப் போட்டாள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரில் ஓட்டுப் போட அவளால் முடியாது. ஒரு கோழிக்கூடு வாங்கக்கூட மேலிடத்து அனுமதி வேண்டும். இப்படி ஃபயேத்தானோவில் அவளையும் சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அந்த ஏழு பேரும் ஒரு மனு எழுதினார்கள். எழுதிக் கொடுத்தவள் பள்ளிக்கூட டீச்சர் ஜெலிண்டா. கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டதால் அவளுடைய குடியுரிமை பத்திரமாக இருந்தது. புதுத் தலைவர்கள் பதவி ஏற்றதற்கு அடுத்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, எந்தக் குடிமகனும் அரண்மனைக்குப் போய் ஒரு காகிதத்தை அவர்கள் கையில் கொடுக்கலாம். அவர்களுடைய ஆறு மாதப் பதவி முடிவதற்குள் அதற்குப் பதில் வந்தாக வேண்டும். இது அந்த நாட்டின் பழைய வழக்கம். ஆனால் கொடுப்பவர், ஆணோ பெண்ணோ, குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும். குடியுரிமை போனவள் குடியுரிமை கேட்டு மனுக் கொடுக்க முடியாது.

"நானே கையெழுத்துப் போட்டு நானே கொண்டு போறேன்," என்றாள் ஜெலிண்டா.

"வேணாம் டீச்சர். எங்க அண்ணன் கொடுத்தா மதிப்பு வேற. சபைல இருக்கிற ஆளு. ஒரு பொம்பளை கொடுத்தா புருஷன் கிடைக்காத கோபம்னு சிரிப்பானுங்க."

"எனக்கு எந்தக் கோபமும் இல்லைடி. நிம்மதியா தூங்கறேன்."

"அண்ணன் கொடுத்துடுவார், அதுக்கு நான் ஜவாப்தாரி," என்றாள் ஆர்ஜியா. மற்ற ஆறு பேரும் அந்த ஒரு சொல்லை நம்பித் தலையாட்டினார்கள்.

டேலியோவும் மறுக்கவில்லை. சொல்லப்போனால் நெஞ்சைத் தட்டிக்கொண்டு பேசினார். "என் தங்கச்சி வெளிநாட்டுக்காரியா? அப்பன் எலும்பு இந்த மண்ணுலதானே கிடக்கு! கொண்டா, கையெழுத்துப் போடறேன்." போட்டார். பேனாவை மூடிவிட்டு அவள் கன்னத்தைக்கூடத் தட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய கறுப்பு சூட்டை ஆர்ஜியாவே இஸ்திரி போட்டாள். மனுவை மூன்றாக மடித்துக் கோட்டின் உள்பாக்கெட்டில் வைத்தாள். அரண்மனை இருக்கும் தித்தானோ மலைமேல் ஏப்ரல் காற்று தொப்பியை மட்டுமல்ல, ஆளையே தூக்கும். அதனால் பாக்கெட்டின் வாயில் வெள்ளை நூலால் நாலு ஓட்டுத் தையல் போட்டாள்.

"மேலே போனதும் கத்தியால வெட்டி எடுத்துக்கோண்ணே."

"சரி சரி, எனக்குத் தெரியாதா," என்றார் டேலியோ. அவர் அப்போது பாரில் சீட்டாட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

மறுநாள் மத்தியானம் ஏழு பெண்களும் ஜெலிண்டாவும் தையல் அறையில் காத்திருந்தார்கள். டேலியோ படியேறி வந்து, ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"கொடுத்தாச்சு! ரெண்டு தலைவர்கள்ல வயசானவர் இருக்காரே, அவர் கையிலேயே கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்தார். 'யாருய்யா எழுதினது, எழுத்து முத்து முத்தா இருக்கே'ன்னு கேட்டார்."

ஜெலிண்டாவின் காது சிவந்துவிட்டது. ஆர்ஜியா எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு அவள் தட்டில் வைத்த பியாதா ரொட்டியும் ஹாமும் ஊர் விருந்துக்குக் குறைவில்லை. ப்ரீமோ போன பிறகு அவள் அவ்வளவு சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மே போயிற்று, ஜூன் போயிற்று. அதே ஞாயிற்றுக்கிழமை கொடுத்த மற்ற மனுக்களைப் பற்றிப் பேச்சு அடிபட்டது. யாரோ கேட்ட தெருவிளக்குக்குக்கூடப் பதில் வந்துவிட்டது. இவர்களுடையதைப் பற்றி ஒரு மூச்சும் இல்லை.

"நான் போய் அலுவலகத்துல கேட்டுட்டு வரேனே," என்றாள் ஜெலிண்டா.

"அண்ணனைச் சந்தேகப்படற மாதிரி ஆயிடும் டீச்சர்."

ஆனால் அண்ணனிடம் மட்டும் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தாள். டேலியோ தோட்டத்தில் திராட்சைக் கொடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"பெரிய விஷயம்மா. தெருவிளக்கா இது? யோசிச்சுத்தானே சொல்லணும். நீ அங்கே இங்கே போய் நச்சரிச்சு வெச்சா, கடுப்புல தூக்கிப் போட்டுடுவாங்க. வாயை மூடிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். மற்ற ஆறு பேர் கேட்டபோதும் அவர் சொன்னதையே சொல்லி அவர்கள் வாயையும் மூடினாள். ஜவாப்தாரி அல்லவா.

செப்டம்பர் கடைசியில் அண்ணி இரீதே கறுப்பு சூட்டைக் கையில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்தாள். அந்தக் கோடையில் ஃபயேத்தானோவில் யாரும் சாகவில்லை. அதனால் ஏப்ரலுக்குப் பிறகு அந்த சூட் அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை.

"ஒண்ணாந்தேதி புதுத் தலைவர்கள் ஏறுறாங்க. உங்க அண்ணனுக்குத் தொப்பை ரெண்டு விரல் வந்துடுச்சு. கொஞ்சம் பிரிச்சு விட்டுக் கொடு. நாளைக்கு மத்தியானம் வேணும்."

"விட்டா போச்சு, அண்ணி."

இரீதே போன பிறகு கோட்டை மேஜைமேல் விரித்தாள். பக்கத் தையலைப் பிரிப்பதற்கு முன் உள்துணியைத் திருப்பினாள்.

வெள்ளை நூல் நாலு தையலும் இருந்தன. அவள் போட்ட மாதிரியே, அதே இடைவெளியில், முடிச்சுகூட அவிழாமல். தொட்டுப் பார்த்தாள். உள்ளே காகிதம் மொடமொடத்தது.

வெகுநேரம் அவளுக்குக் கோபமே வரவில்லை. அண்ணன் மறந்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அந்த வயசான தலைவர் ஞாபகத்துக்கு வந்தார். பிரிச்சுப் பார்த்தார், எழுத்து முத்து முத்தாக இருந்தது. மறந்துபோன மனுஷனுக்கு முத்து எங்கிருந்து வந்தது? இத்தனை பேர் முன்னால் கட்டிக்கொண்டு அழுதோமே என்று நினைத்தபோதுதான் உடம்பு கூசியது. தன் கையால் கொடுத்த ஒயினை அவர் குடித்த விதம்கூட இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் டேலியோவும் இரீதேயும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் கோட்டோடு போனாள். மேஜையில் தாலியத்தெல்லே பாஸ்தாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வா வா, தட்டு எடுத்துக்கோ," என்றார் டேலியோ.

"போட்டுப் பாருண்ணே."

போட்டார். தொப்பை பழையபடி முட்டியது. "விடவே இல்லையே?"

"உள்பாக்கெட்ல கையை விடு."

சிரித்துக்கொண்டேதான் கையை விட்டார். விரல் நூலில் தட்டி நின்றது. சிரிப்பும் அங்கேயே நின்றது. கையை வெளியே எடுக்கவும் தோன்றாமல், நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்கிறவர் மாதிரி அப்படியே இருந்தார்.

"வயசானவர் எப்படிண்ணே பிரிச்சுப் பார்த்தார்? தையல் மேலேயேவா படிச்சார்?"

"ஆர்ஜியா, நான் சொல்றதைக் கேளு..."

"ஆறு மாசம் கேட்டாச்சு. இப்போ வேற ஏதாவது சொல்லு."

இரீதேதான் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு இப்படி நிக்க வெச்சுக் கேக்கறே? உன்னைப் பட்டினியா போட்டோம்? ஊரை விட்டு விரட்டினோம்? ஒரு காகிதம் இல்லாம நீ என்ன குறைஞ்சு போயிட்டே?"

"அப்போ உங்களுக்கும் தெரியுமா, அண்ணி?"

இரீதே தட்டைப் பார்த்தாள்.

டேலியோவுக்கு அதற்குள் குரல் வந்துவிட்டது. தப்புச் செய்தவனுக்கு முதலில் வருவது கோபம்தானே. "ஆமா, கொடுக்கல! அப்பா போனப்போ கீழ்ச்சரிவுத் தோட்டத்துல உன் பாதி ஏன் என் பேருக்கு வந்துச்சு? நீ வெளிநாட்டுக்காரி, அதனால. அந்த இடத்துல பையனுக்கு வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டப் போறேன். நாளைக்கு நீ குடிமகளாயிட்டு வந்து என் பாதியைக் கொடுன்னு நின்னா? நான் என்ன பண்ண?"

ஆர்ஜியா அவரையே பார்த்தாள். அந்தத் தோட்டத்தை அவள் மறந்தே போயிருந்தாள். ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே போய்த் திராட்சை பறித்துக் கொடுத்துவிட்டு, ஒரு கூடை வீட்டுக்கு எடுத்து வருவாள். அவளுக்கு அது போதும்.

"நான் கேட்டிருக்கவே மாட்டேண்ணே," என்றாள். "சத்தியமா எனக்கு அந்த நெனைப்பே இல்லை. ஓட்டுப் போடற நாளைக்கு உன் கூட நடந்து போகணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். இடுப்புப் பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்தாள். அவர் கோட்டைக் கழற்றக்கூடச் சொல்லவில்லை. கிட்டே போய், நெஞ்சருகே நின்று, நாலு தையலையும் ஒவ்வொன்றாக வெட்டிக் காகிதத்தை உருவிக்கொண்டாள்.

"தொப்பைக்கு வேற டெய்லரைப் பாரு," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதைவிடக் கஷ்டமான வேலை சாயங்காலம் இருந்தது. ஆறு வீட்டுக் கதவையும் தட்டி, அண்ணன் கொடுக்கவே இல்லை என்று அவளே தன் வாயால் சொன்னாள். ஒருத்தி திட்டினாள். ஒருத்தி, "உன்னை நம்பித்தானே இருந்தோம்," என்றாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது. கடைசியில் ஜெலிண்டாவிடமும் சொன்னாள்; அவள் ஒரு புதுக் காகிதத்தை எடுத்துத் திரும்ப எழுத ஆரம்பித்தாள்.

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெலிண்டா அதை எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் போனாள். ஏழு பேரும் சதுக்கத்தில் காற்றில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு முன்பே, ஒண்ணாந்தேதி பதவி ஏற்பில், டேலியோ பட்டனைப் போடாமல் கோட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றதாகச் சொன்னார்கள். அந்த வருஷம் திராட்சை பறிக்க ஆர்ஜியா போகவில்லை. சட்டம் மாற இன்னும் எத்தனையோ வருஷம் ஆனது. அதனால் மார்ச் மாதம் அவள் வழக்கம்போலக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

"பிறந்த இடம்?"

"ஃபயேத்தானோ."

காவலர் அடுத்த கட்டத்தில் அவளைக் கேட்காமலே எழுத ஆரம்பித்துவிட்டார். ஆறேழு வருஷப் பழக்கம். 'அண்ணன்' என்று எழுதி, பெயரின் முதல் எழுத்தில் பேனா இருந்தது.

"அதை அடிச்சிடுங்க," என்றாள் ஆர்ஜியா.

அவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "ஏம்மா, இப்பத்தானே உங்க அண்ணனைக் கீழே பார்ல பார்த்துட்டு வரேன். சீட்டாடிட்டு இருக்கார்."

"இருப்பார். நீங்க எழுதுங்க. குடியரசில் உறவினர், யாரும் இல்லை."