வரிசையில் நின்ற குடம்

என் வீட்டு வாசலில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. கழுத்தில் நீல நைலான் கயிறு சுற்றி, இழுக்க இழுக்க இறுகும்படி ஒரு முடிச்சு. படகில் வேலை செய்தவர்களுக்குத்தான் அப்படிப் போட வரும். மீஞ்சூரில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகு எனக்குக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் வேலை இல்லை. குழாயைத் திருகினால் வருகிறது. விடிகாலையில் பால் போடுகிறவர் அரை லிட்டர் பாக்கெட் ஒன்றை இந்தக் குடத்துக்குள் போட்டுவிட்டுப் போகிறார். ஒற்றை ஆளுக்கு அதுவே மிச்சம்.

குடம் சாரங்குடையது. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகு ஒன்றுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலடிப்பேட்டையில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, சாரங்கு என்றால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கோயம்புத்தூரில். தனியாகத்தான் இருந்தார்.

அப்போது நான் ஒரு மருத்துவமனையில் பக்கவாத ஆராய்ச்சிப் பிரிவின் செவிலி. மூளையில் ரத்தக் கட்டி அடைத்து வருகிறவர்களுக்கு அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு சீக்கிரம் போடுகிறோம், மூன்று மாதம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று குறித்து வைப்பது என் வேலை. நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் ஊசி மருந்து. அதைத் தாண்டிவிட்டால் அதுவே மூளைக்குள் ரத்தம் கசிய வைத்துவிடலாம். நேரத்தை எண்ணத் தொடங்குவது நோயாளி விழுந்ததிலிருந்து அல்ல. விழுந்ததை யாரும் பார்க்காத வீடுகள் நிறைய. அதனால் படிவத்தின் முதல் கேள்வியே இதுதான்: கடைசியாக நோயாளி நன்றாக இருந்ததைப் பார்த்தது எப்போது, யார்?

சாரங்கை ஒன்பது மணிவாக்கில் ஆட்டோவில் கொண்டுவந்தவர் அவருடைய எதிர்வீட்டு அக்கா. ஏழரை மணிக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கிறது. எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகும் அவர் குடம் காலியாக நின்றதாம். போய்க் கதவைத் தள்ளினால் தரையில் கிடந்திருக்கிறார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு இல்லை. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். அக்கா ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"ஆறு மணிக்கு தண்ணி லைன்ல நின்னுகினு இருந்தாரு சிஸ்டர். நானே பாத்தேன்."

ஆறு என்று எழுதினேன். அப்போது சாரங்கு இடது கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தார். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. பக்கவாதம் வந்தவர்கள் இப்படிப் படபடப்பார்கள் என்று நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்திருக்கிறேன் என்கிற கர்வமும் இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தி, "பயப்படாதீங்க, நேரத்துக்கு வந்துட்டீங்க" என்று சொன்னேன். ஸ்கேனிலும் ஊசிக்குத் தடையாக எதுவும் தெரியவில்லை. பத்து மணிக்கு முன்னால் போட்டுவிட்டோம். அன்றைக்கு எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சந்தோஷம். சாயங்காலம் அவர் வாந்தி எடுத்தார், கண் செருகியது. மறுபடி எடுத்த ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கை திரும்பவில்லை. பேச்சில், இருக்கிறது என்பதற்கு அவர் தெருவில் சொல்லும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. எதைக் கேட்டாலும் "கீது" என்பார்.

மூன்று மாதம் கழித்து அவரைப் பார்க்கக் காலடிப்பேட்டைக்குப் போனேன். நான் போனபோது லாரி இன்னும் வரவில்லை. தெருவோரம் வண்ண வண்ணமாகக் குடங்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் இப்போது சாரங்குக்குச் சோறு, தண்ணீர் எல்லாம். சாரங்கு எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"தோ நின்னுகினு கீறாரு பாரு, மூணாவதா" என்று வரிசையைக் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாவதாக நின்றது ஒரு பச்சைக் குடம். சாரங்கு உள்ளே கட்டிலில் இருந்தார்.

அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்கும் இப்படித்தானா என்று.

"அன்னிக்கும் இதே எடந்தான். அப்போ அவரே வெப்பாரு. மொத நாளு சாயங்காலமே வெளக்கு வெக்க சொல்ல கொணாந்து வெச்சிட்டு பூடுவாரு. காலீல லாரி வந்தா வருவாரு."

"ஆறு மணிக்கு அவர் முகத்தப் பாத்தீங்களாக்கா?"

"மூஞ்ச இன்னாத்துக்குமா பாக்கணும்? கொடம் நிக்குதுன்னா ஆளு நிக்கிறாருன்னுதான?"

அந்தத் தெருவில் அது பொய்யே இல்லை. குடம் வைத்தவரின் இடத்தை யாரும் பிடுங்க மாட்டார்கள், அவரே நிற்பதாகத்தான் கணக்கு. கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். தீர விசாரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளே போய் சாரங்கின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் நாள் இரவே கை விழுந்துவிட்டதா என்று கேட்டேன். "கீது" என்றார். அவருக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான் என்பதால் அதை நம்பவும் முடியாது. அதனால் இடது கையைக் கேட்டேன். ஆமாம் என்றால் தூக்கச் சொன்னேன். தூக்கினார். அன்றைக்கு ஆட்டியது அதைச் சொல்லத்தானா என்று கேட்டேன். அந்தக் கை மறுபடி எழுந்தது. என் தவறுதான் என்று சொன்னேன், மன்னிக்கச் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது.

அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. அவர் அந்தக் குடத்தைப் பார்த்ததால்தான் சாரங்கு உயிரோடு இருக்கிறார் என்பதும் உண்மைதானே. எங்கள் பிரிவின் பெரிய டாக்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் படிவத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சரியான நேரத்துல போட்டாலும் சிலருக்குக் கசியும் சிஸ்டர். இதனாலதான்னு சொல்ல முடியாது" என்றார். இதனால் இல்லை என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் ஆறு என்ற எண்ணை அடித்து, தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: முகத்தைப் பார்த்தீர்களா? அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டேன். எத்தனையோ பேர் யோசித்துவிட்டு, இல்லை, டிவி சத்தம் கேட்டது, செருப்பு கிடந்தது, லைட் எரிந்தது என்றார்கள். அந்த வரியால் சிலருக்காவது நல்லது நடந்திருக்கும். சாரங்குக்கு நடக்கவில்லை.

அடுத்த வருடம் மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சில நாள் கழித்து அக்கா மருத்துவமனைக்கு வந்து குடத்தை என் மேசைமேல் வைத்தார். "சாரங்கு உன்னாண்ட குடுக்க சொன்னாரு." எப்படிச் சொன்னார் என்று கேட்டேன். குடத்தைக் காட்டினாராம், வீட்டுக்குப் போனபோது நான் என் போன் நம்பர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினாராம், அவ்வளவுதான். மன்னித்துவிட்டேன் என்றா, மறக்காதே என்றா, எதற்காகக் கொடுத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கலாம் என்றால் அவரும் இப்போது இல்லை.

நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கம்பக்கத்துக் கதவுகள் சாத்தியே இருக்கும். போன வாரம் இரண்டு நாள் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது குடத்துக்குள் மூன்று பாக்கெட். இரண்டு புளித்து உப்பியிருந்தன. பால் போடுகிறவர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குடம் நின்றது, அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடத்தின் பக்கத்தில் நின்றேன். படியேறி வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இன்னாக்கா, பாலு சரியில்லியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சும்மாத்தான்."

பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார். உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பது. முகத்தைப் பார்த்தவர், பால் போடுகிறவர்.