ஒரே புதரின் முந்நூறு கன்றுகள்

அவள் நாற்றுப் பண்ணையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். எந்தக் குச்சியைக் கொடுத்தாலும் வேர் பிடிக்க வைத்துவிடுவாள் என்று அங்கே பேச்சு. அந்தப் பேச்சு அவளுக்குக் கொஞ்சம் தலையிலும் ஏறியிருந்தது, அதை மறைப்பானேன்.

அக்கா தன் மலைச்சரிவில் கொட்டைப் புதர் வைக்க ஆசைப்பட்டாள். மலைக்கு அப்பால், தொலைவிலுள்ள காட்டில் தானாக வளரும் செடிதான் அது. அடியிலிருந்து கொத்துக் கொத்தாகப் பக்கக்கன்று விடும். பண்ணையிலேயே நன்றாகக் காய்த்த ஒரு புதரைத் தங்கை தேர்ந்தெடுத்தாள். அதன் கன்றுகளுக்கு மண் அணைத்து, வேர் விட்டதும் பிரித்து, சில வருடங்களில் முந்நூறு ஆக்கிக் கொடுத்தாள்.

"கலப்படமே கிடையாதுக்கா. எல்லாம் ஒரே தாய்" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

செடிகள் ஆளுயரம் வளர்ந்தன. ஐந்தாம் வருடம் காய்க்க வேண்டும், காய்க்கவில்லை. ஆறாம் வருடமும் இல்லை. அத்தான் முதலில் மண்ணைத் திட்டினார், அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினார். "இவ கை பட்டா எது வெளங்கும்" என்று வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் சொன்னார். பிள்ளையில்லாத அக்காவை அந்தச் சொல் எங்கே குத்தும் என்று தெரிந்தே சொன்னார். அக்கா செடிகளைத் தொடுவதையே விட்டுவிட்டாள். ஏழாம் வருடமும் ஏமாற்றினால் மண்வாரி இயந்திரம் வந்து வேரோடு பிடுங்கிவிடும் என்று முடிவாயிற்று.

குளிர் முடிகிற சமயம் தங்கை பூதக்கண்ணாடியோடு சரிவில் ஏறினாள். இலை வருமுன்பே பூக்கிற செடி. ஆண்பூ வால் போலத் தொங்கி, தட்டினால் மஞ்சள் பொடி பறந்தது. மொட்டு நுனியில் பெண்பூ சிவப்பு இழைகளை நீட்டிக் காத்திருந்தது. பொடிக்கும் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை. பிறகு ஏன்?

சட்டென்று அவளுக்குப் புரிந்தது. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பண்ணையில் பக்கத்தில் வேறு சாதிப் புதர்கள் இருந்ததால் தாய் காய்த்தது. இங்கே நிற்பது முந்நூறு செடியல்ல, ஒரே செடி.

மறுநாள் காட்டுப் புதரின் பொடியைக் காகிதப் பையில் கொண்டுவந்து, ஒரே ஒரு செடியில் மூன்று கிளைகளுக்கு மட்டும் தூவினாள். சோதனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காய்த்தால் தோட்டம் பிழைக்கும், தன் குட்டு உடையும். காய்க்காவிட்டால் பழி அக்கா தலையிலேயே கிடக்கும். பாவி மனசு எதை வேண்டிக்கொண்டது என்று அவளுக்கே சொல்ல வெட்கம். ஞாயிறுதோறும் அக்கா வீட்டில் சாப்பிட்டாள். அத்தான் அதே சொல்லைச் சொல்லும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

கோடை முடிவில் இயந்திரம் வந்து சரிவின் அடியில் உறுமிக்கொண்டு நின்றது. முதல் வரிசைக்குப் போன அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். மூன்று கிளைகளில் கொத்தாகக் கொட்டைகள்.

"இதுல மட்டும் எப்படிடீ?"

ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அத்தான் இயந்திரக்காரனுக்குக் கையசைக்கப் போனார்.

"நிறுத்துங்க அத்தான். தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அத்தான் தூக்கிய கையை இறக்கினார். அக்கா அழவில்லை, கத்தவில்லை.

"பொடி எப்பத் தூவுன?"

"குளிர் முடியறப்போ."

அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். "தெரியாம செஞ்சத விடு. தெரிஞ்சப்புறம் ஆறு மாசம் என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டியே."

தங்கை நெருங்கி வந்தாள். அக்கா ஓரடி விலகிக்கொண்டாள்.

"வேற சாதி கன்னு எத்தன வேணுமோ கொண்டு வா" என்றாள் அக்கா. "வேலிக்கு வெளியில வெச்சிட்டுப் போ. நானே நட்டுக்கறேன்."