ஆறு வயதும் ஐந்து துடிப்பும்

வயதைச் சொல்லாமல் மழுப்புவதில் எங்கள் தெருப் பெண்கள் யாருக்கும் நான் சளைத்தவள் இல்லை. மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரியிடம் மறைப்பார்கள். நான் மறைத்தது கட்டிய கணவரிடம், அதுவும் இருபத்தைந்து வருடம்.

நிக்காஹ் நடந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மாப்பிள்ளை வீட்டில் சொன்னது இருபது. மாப்பிள்ளைக்கு இருபத்து மூன்று. அக்காமார் இரண்டு பேரும் கரையேறும்வரை காத்திருந்ததில் என் வயது கடந்துவிட்டது. அந்த நாளில் தேவிபட்டினத்தில் இருபத்தாறு என்று சொன்னால், பெண் பார்க்க வருகிறவர்கள் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொள்வார்கள். எங்களில் ஜாதகம் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆகவே உம்மாவின் வாய்ச்சொல்தான் என் வயது. உம்மா கண் இமைக்காமல் ஆறு வருடத்தை விழுங்கினாள். என் பள்ளிக்கூடச் சான்றிதழ் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் எழுதிக் கொடுத்ததுதான். அரசாங்கமே நம்பிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று நான் நினைக்காமல் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் பேச்சிலாவது தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால், "மூணு வருசம் மூத்தவன் சொல்றேன், கேளு" என்பார். உண்மையில் மூன்று வருடம் மூத்தவள் நான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொள்வேன். சிரிப்புக்குக் கீழே பயமும் இருந்தது. என்னை ஏமாற்றித்தானே கட்டிவைத்தீர்கள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்?

இருபது வருடம் கத்தாரில் இருந்தவர் போன வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கூடவே ஒரு தொப்பையும் இரண்டு ஸ்மார்ட் வாட்சும் வந்தன. எனக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். கணவர் அதை ஓட்டமாக உயர்த்தினார். அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆரோக்கிய வகுப்பு எடுப்பார்களாம். அங்கே கற்றதை எனக்குப் பாடமாக எடுத்தார்.

"இங்கன பாரு. இருநூத்தி இருபதுல ஒன் வயசைக் கழி. அதான் இருதயத்தோட உச்சம். நல்லா ஓடுறப்ப அதுல நூத்துக்கு எண்பத்தஞ்சு வரைக்கும் போகலாம். அதுக்கு மேல வேணாம்."

என் வாட்சில் அவரே வயதைப் போட்டார். நாற்பத்தைந்து. உச்சம் நூற்று எழுபத்தைந்து, எல்லை நூற்று நாற்பத்தொன்பது. அவருக்கு நாற்பத்தெட்டு, எல்லை நூற்று நாற்பத்தாறு. "என்னைவிட மூணு கூட. சின்னப் புள்ளையில்ல!" என்று பெருமையாக என் தோளில் தட்டினார். நான் அடுப்படிக்குப் போய், கேஸ் சிலிண்டர் பதிவு செய்கிற நோட்டின் பின்பக்கத்தில் திருட்டுத்தனமாகக் கணக்குப் போட்டேன். ஐம்பத்தொன்றுக்கு உச்சம் நூற்று அறுபத்தொன்பது. எல்லை நூற்று நாற்பத்துநாலு.

விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, சுடிதாரின் துப்பட்டாவைத் தலையைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு கடற்கரை ரோட்டில் ஓடுவோம். கடலுக்குள் நிற்கிற நவபாஷாண நவகிரகங்களைக் கும்பிட வருகிற வெளியூர்க்காரர்கள் பரிகாரத்தை மறந்து எங்களைப் பார்ப்பார்கள். நான் முன்னால், அவர் பின்னால். நூற்று நாற்பத்தாறில் அவர் வாட்ச் கத்தும், அவர் நின்றுவிடுவார். நின்ற இடத்திலிருந்தே கேட்பார்.

"எவ்வளவு காட்டுது?"

"நூத்தி நாப்பத்துநாலு, மச்சான்!"

"இன்னும் அஞ்சு இருக்கு! ஓடு, ஓடு!"

அந்த ஐந்து துடிப்பும் எனக்குச் சொந்தமில்லை என்று எப்படிச் சொல்வது? ஓடினேன். வாட்ச் கத்தும்வரை ஓடினேன். மூச்சு வாங்கி வார்த்தை வராது. அவர் கைதட்டுவார். நானும் ஒரு வீம்பில், நாற்பத்தைந்துக்காரி மாதிரியே சிரிப்பேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடியதில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ரோட்டோரத்தில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். கண் திறந்தபோது அவர் மடியில் என் தலை இருந்தது. அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அன்றே ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ஈசிஜி எடுத்தார்கள். பிறகு டிரெட்மில் என்கிற ஓடுகிற பட்டையில் ஏற்றி இருதயத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். சீட்டை அவர்தான் நிரப்பினார். வயது என்ற இடத்தில் தயங்காமல் நாற்பத்தைந்து.

நர்ஸ் நெஞ்சில் வயர்களை ஒட்டி, கம்ப்யூட்டரில் வயதைத் தட்டினாள். திரையில் வந்த எண்ணைப் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்பது.

"இது எதும்மா?"

"இவ்வளவு துடிப்பு வர்றவரைக்கும் ஓடணும்மா. வயசை வச்சு மெஷினே போட்டுக்கிரும்."

கதவுக்கு வெளியே அவர் நிற்கிறார் என்று தெரியும். இனிமேலும் இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு ஓட என்னால் முடியாது என்று தோன்றியது. நர்ஸின் காதருகே குனிந்து, "எனக்கு ஐம்பத்தொண்ணு" என்றேன். அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாகப் பேசத் தெரியாத பெண்.

"ஐம்பத்தொண்ணா? சீட்டுல நாப்பத்தஞ்சுன்னுல்ல போட்டிருக்கு! ஏன் சார், சரியா எழுதக் கூடாதா?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் பெஞ்சில் தொப்பென்று உட்காருகிற சத்தம் கேட்டது. அன்று பட்டையில் ஏறுவதற்கு முன்பே என் துடிப்பு நூற்றுப் பத்து இருந்தது. அதற்கு நர்ஸ் பொறுப்பு.

இருதயத்தில் குறை எதுவும் இல்லை என்றார் டாக்டர். வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, உடம்பு பழகுவதற்குள் விரட்டி ஓடியது, இவைதான் காரணமாம். வாட்ச் கணக்கை நான் சொன்னதும் சிரித்தார். "ஐந்து துடிப்பு கூடக் குறைய இருந்தா ஒண்ணும் ஆகாதும்மா. அந்தக் கணக்கே ஒரு உத்தேசம்தான். ஓடும்போது ரெண்டு வார்த்தை பேச முடியலைன்னா வேகத்தைக் குறைங்க. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ நின்னுடுங்க. வாட்ச் என்ன காட்டினாலும் சரி." இருபத்தைந்து வருடமாக நான் கட்டிக் காத்ததை ஒரு உத்தேசக் கணக்குக்காகப் போட்டு உடைத்திருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தேன், அடங்கிவிட்டது.

திரும்புகிற வழியில், ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் காரை ஓரம் கட்டினார். நான் முந்திக்கொண்டேன்.

"உம்மா சொன்ன பொய்தான் மச்சான். ஆனா இத்தனை வருசம் அதைச் சொல்லாம வச்சிருந்தது நான்தான்."

"வயசு கெடக்கு," என்றார். "அன்னிக்கு ரோட்டுல ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? ஓடு ஓடுன்னு வெரட்டுனவன் நானு. முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லாம, இந்தப் பொய்யைக் காப்பாத்த ஓடியிருக்கே. அவ்வளவு பயமா என் மேல?"

அழுதேன். ஐம்பத்தொரு வயதில் ஒருத்தி அப்படி அழக்கூடாது. அவர் டாஷ்போர்டிலிருந்து பழைய துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வண்டி துடைக்கிற துண்டு. மூக்கைச் சிந்தினேன்.

நான் துடைத்து முடித்ததும், "எந்த வருசம் பொறந்தே?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்டீயரிங் மேல் விரலைத் தட்டித் தட்டி எண்ணினார்.

"அப்ப நான் பொறந்தன்னிக்கு நீ தெருவுல ஓடிக்கிட்டு இருந்திருக்கே."

"ஆமா."

"அதான் என்னால ஒன்னைப் புடிக்க முடியல" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.