இரண்டு ‘உம்’ போட்ட தலைப்பு

பள்ளி ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதுவது என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்டீர்கள். நான் பி.ஏ.வை ஆங்கிலத்தில் கோட்டை விட்டவன். ஆனாலும் ஒரு கல்லூரிப் பத்திரிகைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். எழுத்து என்றால் கையெழுத்து. அந்தத் தகுதியில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி அது. கல்லூரி பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்தது. இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்திரிகைக்கு வழிகாட்டியாக ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தார். கட்டுரைகளைப் படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. தலைப்பைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார். தலைப்பில் இரண்டு ‘உம்’ இருக்க வேண்டும். மாணவரும் மரங்களும். அறிவியலும் அன்பும். இளைஞரும் இமயமும். இமயத்தைப் பற்றி எழுதியவன் அதுவரை ஏறிய பெரிய மலை பல்லாவரத்துக் கல்குவாரி.

“ரெண்டு உம் இருந்தா அது கட்டுரை. இல்லேன்னா புகார்” என்பார். தலைப்பில் வினைச்சொல் வரவே கூடாது. “வினைச்சொல் வந்தா வினை வரும்ப்பா.” சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நாங்களும் சிரிக்க வேண்டும். மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

பத்திரிகை ஆசிரியன் எங்கள் வகுப்புப் பையன்தான், குரோம்பேட்டைக்காரன். கல்லூரி நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை என்று எழுதலாம் என ஒருமுறை துணிந்து சொன்னான். பேராசிரியர் கண்ணை மூடி யோசித்து, ‘பேருந்தும் பொறுமையும்’ என்று மாற்றிக் கொடுத்தார். தலைப்புக்கு ஏற்றபடி கட்டுரையும் மாறியது. மாணவர்கள் பொறுமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிந்தது. அச்சாகி வந்த அன்றும் பஸ் நிற்கவில்லை. பத்திரிகைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் பொறுமையாக நடந்தோம்.

அந்தக் கல்லூரியில்தான் உங்கள் அத்தையும் படித்தாள். பெண்களைச் சேர்க்க ஆரம்பித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள். திறப்பு விழா நடந்தது, கல்வெட்டு வைத்தார்கள், பிறகு பூட்டிவிட்டார்கள். உள்ளே விழா நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். நாற்காலிகளுக்கு அவசரம் வராது என்பதால் அந்த அறை எப்போதும் சுத்தமாக இருந்தது.

பெண்கள் காலையில் வீட்டில் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். மாலை வீடு திரும்பும் வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. உங்கள் அத்தைக்கு நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சலும் வந்தது. குரோம்பேட்டை டாக்டர் தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்றார். அது திரும்பத் திரும்ப வரவே, பீர்க்கன்கரணை வீட்டில் என் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

“படிச்சது போதும். இந்த மாசம் பாப்பேன். இன்னொரு தடவ படுத்தேன்னா டி.சி. வாங்கிடுவேன்.”

உங்கள் அத்தை அழவில்லை. ராத்திரியே ஒரு பக்கம் எழுதி என்னிடம் நீட்டினாள். “அண்ணா, இத உங்க பேப்பர்ல போடு.” தலைப்பு: ‘பூட்டைத் திறங்கள்.’

நான் அதை ஆசிரியனிடம் காட்டினேன். அவன் படித்து முடித்து, மறுபடியும் தலைப்புக்கு வந்தான்.

“நல்லா எழுதிகீது மச்சான் உன் தங்கச்சி. ஆனா தலைப்புலயே வினைச்சொல்ல வெச்சிகீதே. அதுவும் கட்டளை. வாத்தியார் பேஜாராயிடுவாரு.”

“அப்ப போட முடியாதா?”

“இன்னாத்துக்கு முடியாது? ரெண்டு உம்ம வெச்சிக் குடு.”

‘மகளிரும் தண்ணீரும்’ என்று வைத்தோம். அதைப் படித்ததும் பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது.

“அடடா! நதிகளுக்கெல்லாம் பெண் பேருதானே வெச்சோம்! கங்கையைச் சேர்த்திருக்கீங்களா?”

“எல்லாம் உள்ள கீது சார்” என்றான் ஆசிரியன்.

“காவிரி?”

“அதுவும் ரொம்ப நேரமா அடக்கி வெச்சிகினு கீது சார்.”

அணையைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டார்.

இதழ் வெளிவந்த அன்று மத்தியானமே கல்லூரி முதல்வர் எங்களை அழைத்தார். பேராசிரியர் முதல் முறையாக எங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரையை முழுதாகப் படித்தார், அதுவும் முதல்வர் முன்னால் நின்றுகொண்டு. படித்துவிட்டு, “தலைப்புல குத்தம் ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார். முதல்வர் எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கச் சொன்னார். பெண்கள் தங்கள் பிரதிகளைத் தரவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

அந்த வாரமே உங்கள் அத்தைக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. அம்மா சொன்ன சொல்லை மாற்றவில்லை. புடவை மாற்றிக்கொண்டு டி.சி. வாங்க என்னோடு கிளம்பிவிட்டார்.

முதல்வர் அம்மாவை அன்பாக உட்காரவைத்தார். பெண்கல்வி நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்று விளக்கினார். குடிக்கத் தண்ணீர் வரவழைத்தார். அம்மா ஒரு டம்ளர் குடித்தார், இன்னொன்று கேட்டுக் குடித்தார். பிறகு டம்ளரை மேசைமேல் வைத்தார்.

“தண்ணி குடிச்சிட்டேன் சார். இப்ப எங்க போறது?”

முதல்வருக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஆபீஸ் பக்கம் கை காட்டினார். “ஸ்டாஃப் டாய்லெட் இருக்கும்மா.”

“அது ஆம்பளைங்களோடது. எம்பொண்ணு எங்க போவுதோ அங்கயே நானும் போறேன்.”

சாவியைத் தேடினார்கள். அது எந்த அலமாரியிலும் இல்லை. அம்மா வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். வகுப்பிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் பியூன் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை உடைத்தார். பேராசிரியரும் சேர்ந்து நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டார். அம்மா உள்ளே போய் வந்து முதல்வரிடம், “தெனமும் தண்ணி வுடச் சொல்லுங்க. டி.சி. அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

அடுத்த இதழுக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கக் கூடினோம். பேராசிரியர் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்: ‘முதல்வரும் தூய்மையும்.’ உங்கள் அத்தையைக் கூப்பிட்டு, “நீயே எழுதும்மா. அதுதான் பொருத்தம்” என்றார்.

“எழுதறேன் சார். ஆனா கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவல் நிக்கணும். அதப் போட்டுட்டாங்கன்னா எழுதிடறேன்.”

இதழ் தாமதமாவதை முதல்வர் விரும்பவில்லை. தாம்பரம் கடைத்தெருவுக்குப் பேராசிரியரே போய்த் தாழ்ப்பாள் வாங்கிவந்து, தச்சரையும் கூட்டிவந்தார். வேலை முடிந்ததும் பெருமையோடு காட்டினார். தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் மின்னியது.

உங்கள் அத்தை அதை இழுத்துப் பார்த்தாள், திரும்பத் தள்ளிப் பார்த்தாள்.

“சார், இது எங்கள உள்ள வெச்சிப் பூட்டறதுக்கு. உள்பக்கம் ஒண்ணு வேணும்.”

மறுபடியும் தச்சர் வந்தார், உள்பக்கமும் ஒன்று போட்டார். அவளும் வாக்கு மாறாமல் எழுதிக் கொடுத்தாள். ‘கழிப்பறை திறந்திருக்கிறது. பெண்கள் தண்ணீர் குடிக்கலாம்.’ அவ்வளவுதான். மிச்சப் பக்கத்தில் முதல்வரின் படத்தைப் பெரிதாகப் போட்டு நிரப்பினோம்.