கசடு வாங்கும் மாப்பிள்ளை

அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த பெண்ணைக் கட்டியவர் துறைமுகத்தில் கசடுப் படகு ஓட்டுகிறவர். இளையவளைக் கட்டியவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். மாமனார் வாயில் மூத்தவர் வெறும் "மாப்பிள்ளை". இளையவன் "நம்ம கப்பல் மாப்பிள்ளை". அந்த ஒரு சொல்லுக்காகவே மூத்தவருக்கு வருடக்கணக்காக வயிறு எரிந்துகொண்டிருந்தது. சகலை நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். லீவில் வந்தால் முதலில் இவர் வீட்டுக்குத்தான் வருவான், "அண்ணே, அண்ணே" என்று காலைச் சுற்றுவான். மனுஷன் திட்டுவதற்கு ஒரு காரணமாவது கொடுக்கக் கூடாதா?

இவர் வேலையும் லேசுப்பட்டதல்ல. கப்பல் எஞ்சினுக்குப் போகும் எண்ணெயைச் சுத்தப்படுத்தும்போது தார் போலக் கறுப்பாகக் கசடு ஒதுங்கும். அதைக் கடலில் விட்டால் குற்றம். தொட்டியில் சேர்த்துவைத்து, துறைமுகத்துக்கு வந்ததும் இவர் படகில் இறக்கிவிட வேண்டும். குழாயைப் பிடித்துப் பிடித்து இவர் சட்டையில் ஏறிய நாற்றம் எந்த சோப்புக்கும் அசையவில்லை. விருந்தென்று போனால் மாமியார் நைசாக ஜன்னலைத் திறந்துவிடுவார். சகலையும் அதே கசடில்தான் புரளுகிறான். அவன்மேல் மட்டும் சென்ட் மணக்கும்.

ஒரு நாள் சகலையின் கப்பலே இவர் படகுக்குக் குழாய் இறக்கியது. நெடும் பயணம் முடித்து வந்த கப்பல். அப்படிப்பட்ட கப்பல் என்றால் குழாய் கனத்து உதறும், படகு தண்ணீரில் நன்றாகவே தாழும். அன்றைக்கு இரண்டு தரம் செருமிவிட்டுக் குழாய் ஓய்ந்துபோனது. படகு அசையவே இல்லை.

மேலே கம்பியைப் பிடித்து நின்ற சகலை, இவர் முகத்தைப் பார்க்காமலே "அவ்ளோதாண்ணே" என்றான்.

இவருக்குப் பளிச்சென்று விளங்கியது. இத்தனை நாள் ஓடிய எஞ்சினின் கசடு வேறெங்கே போகும்? திருட்டுக் குழாய் போட்டுக் கடலில் விட்டிருக்கிறார்கள். குழாய் மாட்டுவது யார் வேலை? ஃபிட்டர் வேலை. நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது இவருக்கு. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவானே. "சரி தம்பி" என்று சிரித்துக் கையசைத்துவிட்டுப் படகைத் திருப்பினார்.

வீட்டுக்குப் போய்க் குளித்தார். நல்ல சட்டை போட்டார். துறைமுக அதிகாரியிடம் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். கடல் கெடுகிறதே என்ற கவலை அவருக்கு நிஜமாகவே உண்டு. ஆனால் அன்றைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனது அதுவல்ல. மாமனார் முகம் தொங்கப்போவதை நினைக்க நினைக்க வாயெல்லாம் பல்.

அலுவலகத்தில் அதிகாரி எழுந்து வந்து கைகொடுத்தார். "உங்க சகலை இப்பத்தான் வந்துட்டுப் போறாரு. சீஃப் இன்ஜினீயர் சொல்லி அவரே மாட்டுன குழாயாம். எங்க இருக்குன்னு படம் போட்டே காட்டிட்டாரு. வேலை போயிடும்னு தெரிஞ்சுதான் வந்திருக்காரு. எங்க ஆளுங்க கப்பலுக்குக் கிளம்பிட்டாங்க. ஆமா, நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

"அவன் வந்தானான்னு... கேட்டுட்டுப் போலாம்னுதான் சார்" என்றார். நல்ல சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இளையவள் அழுதுகொண்டிருந்தாள். சகலை தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அண்ணனுக்குக் குழாயைப் பிடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு மாமா. ஒரு வார்த்தை கேக்கல. என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வராம சிரிச்சிட்டுப் போனாரு. நாளைக்கு விஷயம் வெளிய வந்தா, தெரிஞ்சும் மறைச்சாருன்னு அவரு வேலையும்ல போகும்? எனக்குத் தாங்கல. அதான் நானே போய்ச் சொல்லிட்டேன்."

மாமனார் மூத்தவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. "உங்களை நான் சரியா புரிஞ்சுக்கல மாப்பிள்ளை" என்றார். மனைவி இவரைப் பெருமையோடு பார்த்தாள்.

உன்னைப் பிடித்துக்கொடுக்கத்தான் போனேன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டார். எதிரே சகலை, செய்ததையெல்லாம் நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான். வேலையும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் ஒளிக்க எதுவும் இல்லை. அவன்மேல் இவருக்கு அவ்வளவு பொறாமை அதுவரை வந்ததே இல்லை.