செல்லையா அப்புவின் துண்டில் நான் எழுதாதது

1. போத்தல்கள்

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் மருத்துவ உதவியாளராக நான் பொறுப்பேற்ற அன்று முதலில் வந்தவர் நோயாளி அல்ல. தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரையின் பங்களாவில் சமையல் வேலை செய்யும் செல்லையா அப்பு. மருந்து வரும் வாயகன்ற கண்ணாடிப் போத்தல்கள் காலியாக இருந்தால் நான்கு வேண்டும் என்றார்.

“ஊறுகா போடவா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க டாக்டரம்மா. தொரசாணிமாருக்கு வீடு கட்டணும்.”

சின்னத்துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பு சிரித்துக்கொண்டே நின்றார். போத்தல்களைக் கழுவிக் கொடுத்தேன். மூடிகளில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

அடுத்த வாரம் பங்களாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது துரைசாணிமாரைக் கண்டேன். விரித்த உள்ளங்கை அளவுச் சிலந்திகள். மேலே சாம்பல் நிறம், முன்கால்களைத் தூக்கினால் அடியில் பளிச்சென்ற மஞ்சள். சிங்களத்தில் திவிமக்குளுவா, தமிழில் புலிமுகச் சிலந்தி. பட்டுப்போன மரங்களை வெட்டும்போது பொந்துகளிலிருந்து பிடித்தவை மூன்று, கலவானையிலிருந்து நண்பர் கொண்டுவந்தது ஒன்று.

“பயம் வேண்டாம் மிஸ், பூனக்குட்டி மாதிரிதான்,” என்றார் சின்னத்துரை. இருபத்தாறு வயது. மாலை நான்கு மணிக்குப் பிறகு பேசுவதற்கு ஆளில்லாத பங்களா. “வெளிநாட்டில சனம் இத வீட்டுக்குள்ளயே வளக்கிறாங்க.”

அவருக்கு மூன்று விதிகள் சொன்னேன். நீண்ட இடுக்கி பாவிக்க வேண்டும். தடித்த கையுறை போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் திறக்க வேண்டும். துரை மூன்றையும் கவனமாகக் கடைப்பிடித்தார். போத்தலைக் கழுவுவது யார் என்று நான் கேட்கவில்லை.

அப்பு அவ்வப்போது செய்தி சொல்வார். “பெரிய தொரசாணிக்கு ரெண்டு கரப்பான் போட்டேங்க. ஒன்னுதான் சாப்பிட்டாங்க. என் சமையல் புடிக்கலயோ என்னமோ.” நான் சிரித்தேன்.

2. துண்டு

பதினொரு மாதம் கழித்து, ஒரு நாள் காலை பத்து மணியளவில், சின்னத்துரையே ஜீப்பை ஓட்டிக்கொண்டு அப்புவைக் கொண்டுவந்தார். அப்புவின் வலது பெருவிரலடியில் இரண்டு துளைகள். கை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“என்ன கடிச்சிச்சு அப்பு?”

“வெறகு எடுக்கப் போனேங்க. என்னமோ கடிச்சிருச்சு.”

“எந்த வெறகு? பங்களாவுல கேஸ் அடுப்புதானே?”

அப்பு துரையைப் பார்த்தார். துரை என் மேசைக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“மிஸ், போத்தல் கழுவும்போது கடிச்சது. சிலந்தி என்று எழுத வேண்டாம். காட்டு உயிரப் புடிச்சி வச்சதுக்கு வனஜீவி ஆக்கள் வந்தா என்னோட வேலை போகும். நான் புத்தகத்தில வாசிச்சது, இது கடிச்சி யாரும் செத்ததில்ல.”

“எழுதாதீங்க டாக்டரம்மா,” என்றார் அப்புவும், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. “பங்களா வெசயம் பங்களாவுலயே இருக்கட்டும். சின்னப் புள்ள அவரு.”

பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியோடு அனுப்பும் துண்டுச்சீட்டை எழுதினேன். பெயர், வயது, கடித்த நேரம், கடித்த இடம், இரண்டு துளைகள், வீக்கம், நாடித்துடிப்பு, நான் கொடுத்த வலி மாத்திரை, போட்ட ஊசி. எல்லாம் ஒழுங்காக எழுதினேன். கடித்தது என்ன என்ற இடத்தில், “விறகுக் குவியலில் அடையாளம் தெரியாத பிராணி” என்று எழுதினேன். நோயாளி சொன்னதைத்தான் எழுதினேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

3. இருட்டறை

வார்டில் பாம்பாக இருக்கலாம் என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். இரத்தம் சரியாக உறைந்தது. மூன்றாம் நாள் வயிறும் முதுகும் கால்களும் மாறி மாறி இழுத்துப் பிடிக்கத் தொடங்கின. விறகுக் குவியலில் பட்ட புண், பிறகு தசை இழுப்பு. என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் யோசித்தாலும் ஏற்புவலி, அதாவது டெட்டனஸ், என்றுதான் நினைப்பார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். வெளிச்சமும் சத்தமும் இல்லாத அறையில் போட்டு ஏற்புவலிக்குரிய சீரம் ஏற்றினார்கள். அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டியது.

அப்புவின் மனைவி மாரியாயி அன்றே டிஸ்பென்சரிக்கு வந்தார்.

“இருட்டு ரூம்புல போட்டுருக்காங்க டாக்டரம்மா. உள்ள ரொம்ப நேரம் நிக்க விட மாட்டேங்குறாங்க. வாய் பூட்டிக்கிருமாம், அப்புறம் பேச்சே வராதாம். பேசணும்னா இப்பவே பேசிருன்னு நர்சம்மா சொல்றாங்க. நான் என்னத்தங்க பேச?”

டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். வார்டு டாக்டர் ஒரு பெண், என்னைவிட நான்கைந்து வயதுதான் கூட. சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் துண்டை எடுத்து மறுபடி வாசித்தார்.

“மூன்று நாளாக இதை வாயில் வைத்துக்கொண்டா இருந்தீர்கள்?”

உள்ளே போய்ச் சிகிச்சையை மாற்றினார்.

அப்பு பிழைத்தார். தசை இழுப்பு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தது. கறிச்சட்டியைத் தூக்கினால் கை பூட்டிக்கொள்ளும். வனஜீவி அதிகாரிகள் வந்து போத்தல்களைக் கொண்டுபோனார்கள். சின்னத்துரைக்கு வேலை போயிற்று. புதிய துரை தன் சமையல்காரரோடு வந்தார். அப்பு தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் புல்வெட்டுக்குப் போனார்.

சின்னத்துரை போகுமுன் டிஸ்பென்சரி வாசலில் ஜீப்பை நிறுத்தினார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். “நான் சொன்னா கேக்கிறதா மிஸ்?” என்றார். “நான் பயந்துபோய்ச் சொன்னது. நீங்கதானே படிச்சவங்க.”

அப்புவுக்கு என்மேல் வருத்தம் வேறு விதமானது. துரையைக் காட்டிக் கொடுத்துவிட்டேனாம். மாரியாயிதான் கேட்க வேண்டியதைக் கேட்டார், கணவருக்கு மாத்திரை வாங்க வந்த இடத்தில்.

“மொத நாளே தெரியுமா டாக்டரம்மா?”

“தெரியும்.”

“அந்த மூணு நாளுக்குள்ள எங்கண்ணன் டவுனுக்குப் போயி சவப்பொட்டிக்கு அளவு குடுத்துட்டு வந்துட்டாருங்க,” என்றார். மாத்திரைப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

4. டிஸ்பென்சரி வேலைக்கு வருகிறவர்களுக்கு

இந்தச் சிலந்தியின் விஷத்துக்கு முறிமருந்து இல்லை. வலியைக் குறைத்து, இழுப்பைத் தளர்த்திக் காத்திருக்கத்தான் முடியும். அப்படிப்பட்ட விஷத்துக்கு நம் டிஸ்பென்சரியிலிருந்து அனுப்பக்கூடிய நல்ல மருந்து ஒன்றுதான்: கடித்த பிராணியின் பெயர். அதை நான் மூன்று நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன்.

யாராவது விஷப் பிராணி வளர்ப்பதாகக் காட்டினால், எவ்வளவு பெரியது, என்ன தின்னும் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கூட்டைக் கழுவுவது யார் என்று கேளுங்கள். எச்சரிக்கையை அவரிடம், அவர் பேசும் மொழியில் சொல்லுங்கள். ஆசைப்பட்டு வளர்ப்பவர் இடுக்கியோடு நிற்பார். வெறுங்கையோடு நிற்பவர் வேறொருவர்.

இப்போது நான் துண்டு எழுதும்போது நோயாளி சொல்வதை ஒரு வரியில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததை அதற்குக் கீழே தனி வரியில் எழுதுகிறேன். யார் வாசலில் நின்றாலும் சரி.

அந்தத் தோட்டத்தில் அதன்பின் இரண்டு வருடம் இருந்தேன். மாரியாயி சாதாரணக் காய்ச்சலுக்கும் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போனார்.