தறி கிரீஸும் ரெண்டாவது கியரும்

மகள் புதிதாக வாங்கிய காரை முதல் சர்வீஸுக்கு விடச் சேலத்துக்குப் போயிருந்தோம். கண்ணாடி அறையில் உட்காரவைத்து காபி கொடுத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பி வந்து, "அம்மா, இது ஆட்டோமேட்டிக். கியர் பாக்ஸை நீங்க தொடவே வேண்டியதில்லை," என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தொட்ட கதையைச் சொன்னால் கொடுத்த காபியைத் திருப்பி வாங்கிக்கொள்வான். அந்நேரம் யாரோ கதவைத் திறக்க, வண்டி கழற்றுகிற கொட்டகைப் பக்கமிருந்து கியர் ஆயில் வாடை வந்தது. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அழுகின முட்டையும் பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.

ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டில் அப்போது ரெண்டு விசைத்தறி, ஒரு கார். தறி எனக்கு, கார் என் வீட்டுக்காரருக்கு. வாடகைக்கு ஓட்டினார். அந்தக் காலத்துக் கனத்த வெள்ளைக் கார், ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் தடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். பெண் பார்க்கப் போகிற கூட்டம் பத்துப் பேர் ஏறினாலும் ஏனென்று கேட்காது. அவருக்குக் கிட்னி கெட்ட பிறகு நான் ஓட்டப் பழகினேன். திங்களும் வியாழனும் சேலத்துக்குக் கூட்டிப்போய், டயாலிசிஸ் முடித்துக் கூட்டிவர வேண்டும். திரும்பும்போது ரெண்டு மூன்று இடத்தில் வாந்தி எடுப்பார். பஸ்ஸில் ஒருமுறை மயங்கி விழுந்ததிலிருந்து பஸ் என்றாலே ஆகாது. வேறு காருக்கும் சம்மதிக்க மாட்டார்.

"இன்னொருத்தன் வண்டில நான் வாந்தி எடுக்கறதா? நான் டிரைவரு, புள்ள," என்பார். உடம்பில் தெம்பு இல்லாவிட்டாலும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை.

அந்த வண்டி ரெண்டாவது கியரில் ஊளையிட ஆரம்பித்தது. எனக்கோ தறி தெரியும் என்கிற திமிர். தறியில் பல் சக்கரம் கத்தினால் என்ன செய்வோம்? ஒரு கை கிரீஸை அள்ளி அப்பினால் வாயை மூடிக்கொள்ளும். காருக்கு மட்டும் வேறு சட்டமா? அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம், கால் வைக்கிற இடத்து விரிப்பைத் தூக்கி, கியர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, ஒரு டப்பா தறி கிரீஸ் முழுவதையும் குச்சியால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினேன். சத்தம் நின்றுவிட்டது. நாலைந்து நடை என்னை விடக் கெட்டிக்காரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, சேலத்திலிருந்து திரும்புகையில், தாரமங்கலம் தாண்டி வண்டி கடகடவென்று கத்தி நின்றது. டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடி சொன்னார்.

"வண்டியே போதும்னு நின்னுருச்சு பாரு. நானும் இதோட நின்னுக்கறேன். உட்ரு புள்ள."

பல மாதமாக அவர் இப்படி ஒரு சாக்குக்குத்தான் காத்திருந்தார். எனக்குத் தெரியும். அதை நானே டப்பாவில் அடைத்துக் கொடுத்திருக்கிறேன். அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று அழவில்லை.

"வண்டி நிக்கலைங்க. நாந்தான் நிறுத்திப்புட்டேன். வியாழக்கிழமை நானே ஓட்டிக் காட்டறேன்," என்றேன்.

மறுநாள் காலை மெக்கானிக் மாதேஸ் வந்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு பேராகப் பிடித்து கியர் பாக்ஸை இறக்கினோம். மூடியைத் திறந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏனுங்க்கா, இதுல தறி கிரீஸ் போட்டது ஆரு?"

"நாந்தான்."

"நெனச்சேன். இந்த ஊர்ல இது மூணாவது வண்டிங்க்கா! ஆயிலுன்னா சுத்திட்டுத் திரும்ப வந்து பல்லு மேல உழுவும். கிரீஸு பொட்டிச் செவுத்துல போயி ஒட்டிக்கும், பல்லு காஞ்சு தேயும்." தலையில் அடித்துக்கொண்டான். அடிக்கட்டும். என் தலையில் அடிக்காமல் விட்டானே.

நாள் முழுக்க மண்ணெண்ணெயில் சக்கரம் சக்கரமாகக் கழுவினேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு ஒரு மாசம் போகவில்லை. ரெண்டாவது கியர் சக்கரமும் ஒரு பேரிங்கும் செத்திருந்தன. புதுசு சொல்லிவிட்டு வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றான் மாதேஸ். எங்களிடம் இருந்தது புதன் ஒரு நாள். உடைந்த சக்கரத்தைப் பேப்பரில் சுற்றி ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் சேலம் ஏறினேன்.

செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே, ஒரு பழைய சாமான் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் குவியலைக் கிளறி ஒன்றை எடுத்து, "இதேதாம்மா, கண்ண மூடிட்டுப் போடு," என்றார். நான் கண்ணை மூடுகிற ஜாதி இல்லை. சேலையில் இழை நெருக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் தறியில் பல் சக்கரத்தைத்தான் மாற்றுவோம். பல் எண்ணி எண்ணி விரல் பழகியிருந்தது. ரெண்டு சக்கரத்தையும் எண்ணினேன்.

"அண்ணா, இதுல ஒரு பல்லு கம்மி."

அவர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், தானும் எண்ணினார். உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். என்னைக் கவிழ்த்த தறிப் புத்தி அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. பேரிங் அடுத்த தெருவிலேயே கிடைத்தது.

சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி, மாட்டி, ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தோம். ரெண்டு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"டேய் மாதேசு, போதும்டா! ஊத்தற ஓட்டைல வழிய ஆரம்பிச்சா நிறுத்திரோணும்!"

சத்தம் போட்டதோடு நிற்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் ஓடாமலே, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். ரெண்டாவதில் கை கொஞ்சம் நின்றது.

"இது இறுக்கமாத்தான் இருக்கும். ரெண்டு தடவ கிளச்ச மிதிச்சு எடுக்கோணும். நாளைக்குப் பக்கத்துல உக்காந்து சொல்றேன், வா."

நாளைக்கு என்று அவர் வாயால் சொன்னார். நான் ஆயில் கேனை எடுத்து வைக்கிற மாதிரி கொல்லைப் பக்கம் போய், அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தேன்.

அப்புறமும் மூன்று வருஷம், அவர் இருந்த வரைக்கும், மழையானாலும் வெயிலானாலும், வாரம் ரெண்டு நடை போனோம். போகும்போதெல்லாம் என் கிளச்சைத் திட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது தறி இல்லை, அந்த வண்டியும் இல்லை. சர்வீஸ் முடிந்ததும் மகள் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டு, "எங்கம்மா போலாம், சொல்லு," என்கிறாள். எங்கே வேண்டுமானாலும் போகலாம்தான். விடிந்தால் போயே தீர வேண்டும் என்று எனக்கு ஓர் இடமும் இல்லை.